எத்தனை, எவ்வளவு: ஓர் இலக்கணப் பாடத்தின் வரலாறு

அந்தியூர் வாரச் சந்தையில் ஒரு நாழிகைப் பொழுது சும்மா நின்று கேட்டால், இரண்டு வினாச் சொற்கள் ஓயாமல் காதில் விழும். 'வெத்தல எத்தன கட்டு வேணுமுங்க?' 'எண்ணெ எவ்வளவு ஊத்தட்டுமுங்க?' 'தேங்கா எத்தன?' 'இந்தக் கூறு எவ்வளவுங்க?' ஒருவரும் இவற்றை மாற்றிக் கேட்பதில்லை. 'எண்ணெய் எத்தனை' என்று கேட்கும் கடைக்காரரை நாம் கண்டதில்லை. பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்திராத மூதாட்டியும் இவ்விடத்தில் பிழை செய்வதில்லை.

அதே மூதாட்டியின் பேரன் பள்ளியில் 'மெனி', 'மச்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். எண்ணத்தக்க பெயருக்கு 'மெனி', எண்ணத்தகாத பெயருக்கு 'மச்' என்பது பாடம். 'ஃபியூ' எண்ணுவதற்கு, 'லிட்டில்' அளப்பதற்கு என்பது அதன் தொடர்ச்சி. நம் குழுவினருள் ஒருவர் அந்தியூர்ப் பக்கத்தில் படித்தவர். பல ஆண்டுகளுக்கு முன் இப்பாடத்தை நடத்திய ஆசிரியர், 'உங்கள் தமிழில் இந்த வேறுபாடே கிடையாது, அதனால்தான் உங்களுக்கு வரமாட்டேன் என்கிறது' என்று சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. எந்தப் பள்ளி, யார் ஆசிரியர் என்பன இங்கு வேண்டாதவை. அக்கூற்று ஒருவருடையதும் அன்று. பலர் வாயிலிருந்தும் நாம் கேட்டதுதான்.

அக்கூற்று பிழை என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழில் இந்த வேறுபாடு உண்டு. சந்தையில் உண்டு, இலக்கண நூலில் உண்டு, பழைய கணக்குச் சுவடியில் உண்டு. ஆங்கிலத்தில்தான் அது பாடமாக வகுக்கப்பட்டது அண்மைக் காலத்தில். இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

சொல்லுக்குள் இருக்கும் அளவு

'எவ்வளவு' என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. எ என்னும் வினாவெழுத்தும் அளவு என்னும் பெயரும் சேர்ந்தது அது. அளக்க வேண்டியதை நோக்கிக் கேட்கும் வினா என்பது சொல்லின் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. 'எத்தனை' என்பதோ இன்றைய வழக்கில் எண்ணிக்கையைக் கேட்பது. 'எத்தனை அழகு!' என்னும் வியப்பில் அது பண்பின் மிகுதியையும் குறிக்கும். பழைய நூல்களில் 'எத்துணை' என்பது எண்ணுக்கும் அளவுக்கும் பொதுவாகவே வழங்கும். ஆயினும் கொள்வோர் கொடுப்போர் இடையே இரண்டின் எல்லையும் தெளிவானது. நேரம் எவ்வளவு, மணி எத்தனை. பணம் எவ்வளவு, ரூபாய் எத்தனை. நெல் எவ்வளவு, மூட்டை எத்தனை.

இவ்வரிசையை ஆங்கிலத்தோடு பொருத்திப் பாருங்கள். நேரத்துக்கு 'மச்', மணிகளுக்கு 'மெனி'. பணத்துக்கு 'மச்', ரூபாய்களுக்கு 'மெனி'. பணத்தை எண்ணித்தானே கொடுக்கிறோம், அது எப்படி எண்ணத்தகாத பெயர் ஆயிற்று என்று மாணவன் குழம்புகிறான். அவனுடைய பாட்டியிடம் 'பணம் எத்தனை' என்று கேட்டால் அவர் சிரிப்பார். எண்ணப்படுவது ரூபாய், பணம் என்பது திரள். வேறுபாடு பொருளில் இல்லை, பெயரில் இருக்கிறது. இதை அறிந்துகொள்ள ஆங்கிலம் வேண்டியதில்லை.

வினாவில் மட்டுமன்று, விடையிலும் இப்பகுப்பு உண்டு. சில, பல என்பவை எண்ணத்தக்கவற்றுக்கே உரியன. 'சில மாடுகள்' என்போம். 'சில எண்ணெய்' என்னோம், 'சிறிது எண்ணெய்' என்போம். கொஞ்சம், நிறைய என்பவை இரண்டுக்கும் பொது. ஆங்கிலத்திலும் 'சம்', 'எ லாட் ஆஃப்' ஆகியவை இவ்வாறே இருபக்கமும் நிற்கின்றன.

இலக்கணிகள் கண்டது

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்திலேயே அளவுப்பெயர், நிறைப்பெயர், எண்ணுப்பெயர் ஆகியவற்றை வேறு வேறாகப் பிரித்துப் புணர்ச்சி விதி சொல்கிறது. அளவுக்கும் நிறைக்கும் உரிய பெயர்கள் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று தொகைமரபு தொகுத்துரைக்கிறது. க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்பன அவை. உரையாசிரியர் இளம்பூரணர் அளவுப் பெயர்களுக்குக் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என்று எடுத்துக்காட்டுகிறார். எல்லாம் கலங்கள். நீரையும் நெல்லையும் நெய்யையும் எண்ணுவதற்கு ஏற்றவையாக்கும் கருவிகள். 'முக்கலம்', 'ஐங்கலம்' என்று எண் வந்து ஒட்டுவது கலத்தோடுதான், அதனுள் கிடக்கும் நெல்லோடு அன்று.

நன்னூல் வழியில் ஆகுபெயர் கற்றவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். எண்ணலளவை, எடுத்தலளவை, முகத்தலளவை, நீட்டலளவை என்று அளவையாகுபெயர் நால்வகைப்படும். 'நாலு கொடுங்க' என்றால் தேங்காய். 'ரெண்டு கிலோ போடுங்க' என்றால் வெங்காயம். 'அரை லிட்டர் ஊத்துங்க' என்றால் எண்ணெய். 'மூணு முழம் குடுங்க' என்றால் மல்லிகை. அளவின் பெயர் பொருளுக்கு ஆகி வருகிறது. நான்கினுள் எண்ணல் ஒரு பக்கம், ஏனைய மூன்றும் மறுபக்கம். ஆங்கில ஆசிரியர் கரும்பலகையின் நடுவில் இழுக்கும் கோடு இதுவே. ஒரே மாணவன் தமிழ் வகுப்பில் இதைப் படித்துவிட்டு, அடுத்த மணியில் ஆங்கில வகுப்பில் 'உன் மொழியில் இது இல்லை' என்பதைக் கேட்டுக்கொள்கிறான். இரண்டு ஆசிரியர்களும் ஒருவரோடொருவர் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் வியப்பு.

நன்னூலாசிரியர் பவணந்தியார் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தவர் என்று கொங்கு நாட்டு ஆய்வாளர் சிலர் கொள்வதுண்டு. மைசூர்ப் பகுதியினர் என்போரும் உண்டு. அவ்வழக்கு எப்படி முடியினும், அவர் பாடத்தைக் கொங்குச் சந்தைகள் நாள்தோறும் நடத்திவருகின்றன என்பதில் ஐயமில்லை.

சுவடியும் களமும்

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மனனம் செய்த கணக்குச் சுவடிகளுள் இரண்டு, பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும். முன்னது எண்களின் வரிசை. முந்திரி எனப்படும் 320-இல் ஒரு பங்கு போன்ற சிற்றெண்களிலிருந்து அது மேலேறும். பின்னது முகத்தல் அளவைகளின் வரிசை. செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று விரியும். எண்ணுவதற்கு ஒரு சுவடி, அளப்பதற்கு ஒரு சுவடி என்று ஏழெட்டு வயதிலேயே பிள்ளைக்கு இரண்டு தடங்கள் போடப்பட்டன.

இவ்விரண்டு தடங்களும் கூடும் ஓரிடமும் பழைய வாய்பாட்டில் உண்டு. 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. பெருக்கிப் பார்த்தால் ஒரு நாழிக்கு 14,400 நெல் வருகிறது. ஒருவரும் உட்கார்ந்து 14,400 நெல்லை எண்ணப்போவதில்லை. எனினும் திரளின் அடியில் எண் இருக்கிறது, எண்ண இயலாத இடத்தில் கலம் வந்து கைகொடுக்கிறது என்னும் உண்மையை அவ்வாய்பாடு பிள்ளையின் மனத்தில் பதித்துவிடுகிறது. நிறுத்தலிலும் இதே வழிதான். குன்றிமணி, மஞ்சாடி ஆகிய விதைகளே எடைகளாயின. கையால் எண்ணத்தக்க விதை ஒன்று, எண்ணத்தகாத பொன்னுக்கு அளவாயிற்று.

கொங்கில் படியை விடப் பெரிய தானிய அளவாக வழங்கியது வள்ளம். வள்ளம் என்பது புன்செய் நிலத்தின் அளவுக்கும் பெயராக வழங்கியதுண்டு. களத்தில் தவசம் அளப்பவர் முதல் முகவையை 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்று தொடங்கி, அடுத்ததை 'ரெண்டு' என்று தொடர்வார். எண்ணப்படுவது வள்ளம், பெறப்படுவது தவசம் என்பதைச் சுற்றி நிற்கும் பிள்ளைகள் அந்தக் குரலிலேயே கற்றார்கள். 1800-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ச் சீமை வழியே பயணம் செய்து, 1807-இல் மூன்று தொகுதிகளாகப் பயண நூலை வெளியிட்ட ஃபிரான்சிஸ் புக்கானன், தாம் தங்கிய ஊர்களின் எடைகளையும் அளவுகளையும் விடாமல் குறித்துக்கொண்டே போகிறார். ஊருக்கு ஊர் படி மாறியது என்பதே அவருக்குப் பெரும் தொல்லை. கும்பினியாரின் வரிக்கணக்குக்கு அது தொல்லைதான்; ஆனால் ஓர் ஊர் தன் கலத்தைத் தானே அறிந்திருந்தது என்பதற்கும் அதுவே சான்று.

ஆங்கிலத்தின் கதை

இனி மறுகரைக்குச் செல்வோம். ஆங்கிலத்தில் இவ்விதி கல்லில் செதுக்கியதுபோல் நமக்குக் கற்பிக்கப்படுகிறது. அதன் வரலாறோ வேறு கதை சொல்கிறது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பு, மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் இடங்களில் 'பீப்பிள்' என்பதற்கு முன் 'மச்' என்னும் சொல்லை வைக்கிறது. இன்றைய மாணவன் அவ்வாறு எழுதினால் சிவப்பு மையில் கோடு விழும். ஆனால் நமக்கு அது புதிதன்று. ஆடி மாதத்தில் அந்தியூரை அடுத்த புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்குப் போய்வந்தவர் 'எவ்வளவு சனம்!' என்றுதான் வியப்பார். உடன் வந்தவர்களைக் கேட்கும்போது மட்டும் 'எத்தனை பேர்' என்பார். சனம் திரள், பேர் எண். அக்காலத்து ஆங்கிலேயரும் கூட்டத்தைத் திரளாகவே கண்டனர்.

எண்ணத்தக்கவற்றுக்கு 'ஃபியூவர்', எண்ணத்தகாதவற்றுக்கு 'லெஸ்' என்னும் விதியும் அவ்வளவு பழையதன்று. 9-ஆம் நூற்றாண்டில் அரசர் ஆல்ஃபிரட் காலத்து நூலிலேயே 'லெஸ்' எண்ணிக்கைக்கு வழங்கியிருக்கிறது. 1770-இல் ராபர்ட் பேக்கர் என்பார் ஆங்கில வழக்கைப் பற்றி எழுதிய நூலில், எண்ணிக்கையைச் சொல்லுமிடத்தில் 'ஃபியூவர்' என்பதே தமக்கு நன்றாகப் படுகிறது என்று தம் விருப்பத்தைத் தெரிவித்தார். ஒரு மனிதரின் செவிக்கு இனிமையாகப் பட்டது பின்னாளில் விதியாகிவிட்டது. இன்றும் இங்கிலாந்தில் அதன் மேல் வழக்கு ஓயவில்லை. பத்துப் பொருளும் அதற்குக் குறைவும் என்னும் அறிவிப்பில் 'லெஸ்' என்னும் சொல் இருந்ததைப் பலர் குறைகூற, டெஸ்கோ என்னும் பெருங்கடை 2008-இல் 'பத்துப் பொருள்கள் வரை' என்று பலகையையே மாற்றிக்கொண்டது.

எல்லையும் நிலையானதன்று. பட்டாணியைக் குறிக்க முன்பு 'பீஸ்' என்னும் சொல் நம் 'நெல்' போலத் திரட்பெயராகவும் வழங்கியது. அதன் ஈற்று ஒலியைப் பன்மை விகுதி என்று மயங்கிய மக்கள், 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் 'பீ' என்று ஒருமையை உண்டாக்கிக்கொண்டார்கள். அளக்கப்பட்டது எண்ணப்படுவதாயிற்று. பட்டாணி மாறவில்லை, பெயர்தான் இடம் மாறியது.

டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன், 1924-இல் வெளியான 'இலக்கணத்தின் தத்துவம்' என்னும் ஆங்கில நூலில் எண்ணத்தக்க பெயர்களையும் திரட்பெயர்களையும் விரிவாக ஆராய்ந்தார். அதை மாணவர் கையில் கொண்டுசேர்த்தது ஓர் அகராதி. அது அச்சானது இலண்டனில் அன்று, தோக்கியோவில். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பியும் உடனாசிரியர்களும் 1942-இல் அங்கே வெளியிட்ட அகராதி, எண்ணத்தக்க பெயர், எண்ணத்தகாத பெயர் என்று குறியிட்டுக் காட்டியது. ஆக்ஸ்ஃபர்டு பதிப்பகம் 1948-இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று நம் வீடுகளில் இருக்கும் ஆக்ஸ்ஃபர்டு மாணவர் அகராதியின் மூதாதை அதுவே. அயல்மொழியினர் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஆசிய வகுப்பறைகளில் அமர்ந்து கவனித்ததன் பயன் அது. ஆங்கிலத் தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்கு இக்குறிகளைச் சொல்லித் தந்ததில்லை. நம்மைப் போன்றோருக்காகச் செய்யப்பட்ட ஊன்றுகோல் அது.

ஒரே பத்தாண்டில் இரண்டு மாற்றங்கள்

இவ்விரு வரலாறுகளும் நம் ஊர்த் தெருவில் சந்தித்துக்கொண்டது 1950-களின் இறுதியில். 1956-இல் எடை அளவுச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் 1 முதல் அணாவுக்குப் பதில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாகக் கிலோகிராமும், தொடர்ந்து லிட்டரும் மீட்டரும் சந்தைக்குள் நுழைந்தன. வீசை, தூக்கு, மணங்கு, வள்ளம் ஆகியவை சட்டத்தின் கண்ணுக்கு மறைந்தன. ஒரே நாட்டுக்கு ஒரே அளவு என்பது நியாயமானது; கள்ளப் படியால் ஏழைக் குடியானவர் பட்ட இழப்பை எண்ணினால் அதை வருந்துவதற்கில்லை.

அதே ஆண்டுகளில் ஆங்கிலக் கல்வியிலும் ஒரு புதுமுறை வந்தது. 1958-இல் ஐதராபாத்தில் மைய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. 1959-இல் சென்னை மாநிலத்தில், ஆங்கிலம் தொடங்கிவைக்கும் ஆசிரியர்கள் 27,000 பேருக்குப் புதிய வாக்கிய அமைப்பு முறையில் மறுபயிற்சி அளிக்கும் பெருந்திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர, அவர் மேலும் பலருக்குத் தர, உருள உருளப் பெருகும் பனிப்பந்து என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

இரண்டும் நற்செயல்களே. ஆனால் ஒன்று மற்றொன்றைக் கண்டுகொள்ளவில்லை. ஒருபுறம் கலங்களின் பெயர்கள் வழக்கிலிருந்து விலகின. மறுபுறம் அக்கலங்கள் கற்பித்த அதே பாடம் அயலிலிருந்து வந்த புதுமையாக நின்றது. முந்தைய தலைமுறையில் தாத்தா வள்ளத்தால் அளந்தார், பேரன் 'மச்' என்று எழுதினான். நடுவில் பாலம் போடுவார் இல்லை.

பிழை எங்கே பிறக்கிறது

அப்படியானால் நம் பிள்ளைகள் பிழை செய்வது ஏன்? 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' ஆகியவற்றுக்குப் பன்மை விகுதி சேர்த்து எழுதுவது ஏன்? பகுப்பே தெரியாமலன்று. பகுக்கும் கோடு இரு மொழிகளிலும் ஒரே இடத்தில் விழவில்லை என்பதால். தமிழில் தகவல்கள் உண்டு, அறிவுரைகள் உண்டு. ஆங்கிலம் அவற்றைத் திரளாகக் கொள்கிறது. அங்கே ஒரு கலம் வேண்டியிருக்கிறது. 'பீஸ் ஆஃப்' என்று ஆங்கிலம் சேர்த்துக்கொள்வது நம் வள்ளத்தைப் போன்ற ஒரு கலமே.

மற்ற இரண்டுக்கும் தமிழிலேயே துணை உண்டு. மூட்டை எண்ணத்தக்கது: எத்தனை மூட்டை என்போம். மூட்டைமுடிச்சு என்று சேர்த்துச் சொன்னால் அது திரளாகிவிடுகிறது. 'எத்தனை மூட்டைமுடிச்சு' என்பது நாவில் ஏறவில்லை. தட்டுமுட்டுச் சாமானும் அப்படியே. 'லக்கேஜ்' என்பது மூட்டைமுடிச்சு, 'ஃபர்னிச்சர்' என்பது தட்டுமுட்டு என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தால், மாணவன் அவற்றுக்குப் பன்மை விகுதி சேர்க்கத் தயங்குவான் என்பது நம் நம்பிக்கை.

குருநாதசுவாமி திருவிழாவின் கால்நடைச் சந்தையில் இன்னொரு பாடம் கிடைக்கிறது. குதிரைகளும், செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பர்கூர் மாடுகளும் அங்கே நிற்கும். கால்நடையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'கேட்டில்' பன்மையாகவே வரும். அதற்கு ஒருமை இல்லை. எண்ண வேண்டுமானால் 'இத்தனை தலை' என்று எண்ண வேண்டும். நம் வியாபாரிகள் 'இருபது உருப்படி' என்பார்கள். தலை என்று அவர்கள் சொன்னதை உருப்படி என்று நாம் சொல்கிறோம், அவ்வளவே.

மாணவரை மிகவும் அலைக்கழிக்கும் 'ஃபியூ', 'எ ஃபியூ' வேறுபாட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். 'சில மாடுகள் வந்தன' என்றால் வந்திருக்கின்றன என்னும் நிறைவு. 'சில மாடுகளே வந்தன' என்றால் போதவில்லை என்னும் குறை. 'சிறிது நீர் இருக்கிறது', 'சிறிதே நீர் இருக்கிறது' என்பவையும் அப்படி. தொல்காப்பியம் கூறும் பிரிநிலை ஏகாரம் செய்யும் வேலையை, ஆங்கிலத்தில் ஓர் 'எ' இருப்பதும் இல்லாததும் செய்கின்றன. அவர்கள் எடுத்துவிட்டுக் குறை காட்டுகிறார்கள். நாம் சேர்த்துக் குறை காட்டுகிறோம்.

தமிழில் ஒன்று இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அஃறிணையில் பன்மை விகுதி கட்டாயமன்று. 'பத்து மாடு' என்றாலும் பிழையில்லை, 'பத்து மாடுகள்' என்றாலும் சரி. 'கள்' விகுதி அஃறிணைப் பெயருக்கு வேண்டுமிடத்து வருவது என்பதே தொல்காப்பியர் கருத்து. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதி பெறுவது அரிது என்று கண்டிருக்கிறார். ஆகவே 'மெனி' என்பதன் பின் பன்மை விகுதியை மறப்பது நம்மவர்க்கு இயல்பு. அது திருத்தப்பட வேண்டிய பிழை. ஆனால் ஒரு விகுதியை மறப்பது வேறு, எண்ணுக்கும் அளவுக்கும் வேறுபாடு அறியாமை வேறு. முன்னதற்காகப் பின்னதைச் சுமத்துவது நீதியன்று.

கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்று உயர்கல்வியின் வாயில். அவ்வாயிலில் நிற்கும் பிள்ளையிடம் 'உன்னிடம் இது இல்லை' என்று சொல்வதற்கும், 'உன்னிடம் இருப்பதன் மறுபெயர் இது' என்று சொல்வதற்கும் இடையே அவன் வாழ்வே மாறக்கூடும். முதற்கூற்று அவனைக் கூசச் செய்யும். இரண்டாவது அவனை வகுப்பில் கை தூக்கச் செய்யும்.

ஆங்கில ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. 'மெனி', 'மச்' பாடத்தைத் தொடங்கும் நாளில், கரும்பலகையில் கோடு இழுப்பதற்கு முன், உங்கள் ஊர்ச் சந்தையில் பாட்டி என்ன வாங்கினார், எப்படிக் கேட்டு வாங்கினார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். எத்தனை என்று கேட்டவற்றை ஒரு பக்கமும் எவ்வளவு என்று கேட்டவற்றை மறுபக்கமும் அவர்களே எழுதட்டும். பிறகு தலைப்பை மட்டும் ஆங்கிலத்தில் நீங்கள் எழுதினால் போதும்.